உறையில் உறங்கும் வீணைகள்

ஆண்டுக்கு ஒரு நாள் சந்தனமும் குங்குமமும் பெற்று, எஞ்சிய நாட்களெல்லாம் உறைக்குள் கிடக்கும் பொருள் எது என்று கேட்டால், தலைநகரில் வாழும் பல தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டு வீணையைத்தான் சுட்டிக்காட்டும். சரஸ்வதி பூஜையன்று அது அலமாரியின் உச்சியிலிருந்து இறக்கப்படுகிறது. துடைக்கப்பட்டு, கொலுப்படிகளின் அருகே பட்டுத்துணி போர்த்தி வைக்கப்படுகிறது. விஜயதசமி முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. தந்தி அறுந்திருப்பதையும் மெட்டுகள் பெயர்ந்திருப்பதையும் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. கருவிக்குரிய மரியாதை குறையவில்லை. அதன் குரல் போய்த்தான் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இத்தகைய வீணைகளில் பல, நடுவண் அரசுப் பணிக்காகத் தில்லிக்குக் குடிபெயர்ந்த தலைமுறையோடு கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் வந்தவை. கரோல் பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் ஒலித்தவை, எழுபதுகளில் ஜனக்புரி உருவான பின்னர் உரியவர்களோடு இங்கும் வந்து சேர்ந்தன. வாசித்தவர்கள் முதுமையடைந்தனர், சிலர் மறைந்தனர். பிள்ளைகள் வேறு நகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். வீட்டை விற்கும்போதோ இடித்துக் கட்டும்போதோ, “இதை என்ன செய்வது?” என்ற கேள்வி எழுகிறது. வரவேற்பறையில் அழகுப் பொருளாக நிறுத்துவது ஒரு வழி. பழைய பொருள் வாங்கும் கபாடிக்காரரிடம் கொடுத்துவிடுவது மற்றொரு வழி. பழுது பார்த்து மீண்டும் வாசிப்புக்குக் கொண்டுவருவது என்ற மூன்றாவது வழியைப் பலரும் வீண்செலவு என்றே ஒதுக்கிவிடுகின்றனர். அக்கருத்து சரியன்று என்பதே நமது நிலை.

தேய்மானக் கணக்கு பொருந்தாத இடம்

வணிகவியல் பயின்றவர்களுக்குத் தேய்மானம் என்ற சொல் புதிதன்று. இயந்திரம் ஆண்டுதோறும் மதிப்பிழக்கிறது. ஒரு கட்டத்தில் பழுது பார்க்கும் செலவு அதன் எஞ்சிய மதிப்பை விஞ்சிவிடுகிறது. அப்போது அதனைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதே அறிவுடைமை. குளிர்சாதனப் பெட்டிக்கும் மகிழுந்துக்கும் இது பொருந்தும். வீணைக்கு அப்படியே பொருந்தாது.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. பண்ருட்டிப் பகுதியின் பலா மரம் இதற்குப் பெயர்பெற்றது. நன்கு உலர்ந்து, பல பருவங்களைக் கண்டு நிலைபெற்ற மரத்தில் இனித் திருகலும் சுருக்கமும் குறைவாகவே ஏற்படும். நரசிங்கன்பேட்டை நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதும் இதே காரணத்தால்தான். பழைய மரம் அவர்களுக்குக் கழிவன்று, மூலதனம்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டிலும் நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு புதிதாகச் செய்து விற்கப்படும் கருவியின் பெயரைக் காக்கும். நம் வீட்டு அலமாரியின் மேல் கிடக்கும் கருவியைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.

எல்லாக் கருவிகளையும் மீட்டுவிடலாம் என்று நாம் கூறவில்லை. பூச்சி அரித்து உள்ளே பொடியாகிப்போன குடத்தையும், நீளவாக்கில் முறுக்கிக்கொண்ட தண்டியையும் விட்டுவிடுவதே நல்லது. தண்டி நேராக இல்லாவிடில் எவ்வளவு திறமையாக மெட்டுகளைப் பதித்தாலும் தந்தி ஓரிடத்தில் உரசும், வேறோரிடத்தில் எட்டாது. ஆகவே முதலில் ஆராய வேண்டியது தண்டியை. அது நேராக இருந்து மரம் உறுதியாகவும் இருந்தால், மற்ற பழுதுகள் பார்வைக்கு எவ்வளவு கொடியவையாயினும் பெரும்பாலும் தீர்க்கத் தக்கவையே.

ஜனக்புரியில் ஒரு முயற்சி

இக்கருத்து நூலறிவால் மட்டும் வந்ததன்று. ஜனக்புரியில் வசிக்கும் நாங்கள் நால்வர், அதாவது வங்கி அலுவலர் இருவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், இளமையில் எட்டு ஆண்டுகள் வீணை பயின்ற இல்லத்தரசி ஒருவர், சேர்ந்து ஒரு பழைய வீணையை மீட்டெடுத்தோம். வங்கிகளுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் ஞாயிற்றுக்கிழமைகளுமே எங்கள் வேலை நாட்கள். மொத்தம் ஓராண்டும் இரண்டு மாதங்களும் ஆயின.

கோவைக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார் அவ்வீணையை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றனர். அது ஓர் ஒட்டு வீணை. குடமும் தண்டியும் சேருமிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இணைப்பு பிரிந்திருந்தது. மேல்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். 24 மெட்டுகளில் ஒன்பது பெயர்ந்திருந்தன, இரண்டைக் காணவில்லை. சுரைக்குடுக்கை நசுங்கியிருந்தது, பிருடைகள் திருகினாலும் அசையாமல் இறுகிப்போயிருந்தன. யாளியின் ஒரு செவி ஒடிந்திருந்தது.

இவற்றையெல்லாம்விட எங்களுக்குப் பெருந்துன்பம் தந்தது முன்னர் யாரோ செய்திருந்த ‘பழுதுபார்ப்பு’. பிரிந்த இணைப்பின்மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்து ஆணி அடித்திருந்தனர். பிளவுக்குள் கல்போல் இறுகும் செயற்கைப் பசையை ஊற்றியிருந்தனர். ஆணியைச் சுற்றி மரம் வெடித்திருந்தது. அப்பசையைச் சிறு உளியால் துகள் துகளாகச் சுரண்டி எடுப்பதற்கே ஆறு வார இறுதிகள் சென்றன. உடைந்ததைச் சரிசெய்ததைவிட, தவறாக ஒட்டியதைப் பிரித்ததில்தான் எங்கள் காலம் மிகுதியாகக் கழிந்தது.

விரிசலுக்குள் வைத்து அடைக்கப் பலா மரத் துண்டு தேவைப்பட்டது. கீர்த்தி நகர் மரச்சந்தை எங்கள் மெட்ரோ வழித்தடத்திலேயே உள்ளது. தேக்கும் சீசமும் வேண்டிய அளவு கிடைத்தன. நன்கு உலர்ந்த பலா கிடைக்கவில்லை. இறுதியில் ஓர் இசையாசிரியர் வீட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த மிருதங்கக் கட்டை கைகொடுத்தது. மிருதங்கமும் பலாவில் கடையப்படுவதுதானே! உடைந்த ஒரு தாள வாத்தியத்தின் சிறு சில்லுகள் இப்போது வீணையின் மேல்பலகையில் உள்ளன. இழையோட்டம் பொருந்தியிருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

யாளியின் செவியை நாங்கள் புதிதாகச் செதுக்கவில்லை. ஒலிக்கும் செவிக்கும் தொடர்பில்லை. புதுச்செவி பொருத்தினால் அழகு கூடலாம். கருவி கடந்துவந்த காலத்தின் அடையாளம் ஒன்று மறைந்துபோகும். மேற்பூச்சையும் சுரண்டிப் புதுப்பிக்கவில்லை. அழுக்கைத் துடைத்து, தேய்ந்த இடங்களில் மட்டும் அரக்கு மெருகு பூசினோம். மீட்பது வேறு, புதியதுபோல் ஆக்குவது வேறு என்பதில் நால்வரும் உடன்பட்டோம்.

பிரிக்கத் தக்க ஒட்டே நல்ல ஒட்டு

மேலைநாடுகளில் டபுள் பேஸ் என்னும் பெருங்கருவியை விடுமுறை நாட்களில் பழுது பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உண்டு. ஆளுயரம் நிற்கும் அக்கருவி நம் திரையிசைக் குழுக்களிலும் பல ஆண்டுகள் அடித்தளமாக ஒலித்ததே. ஸ்ப்ரூஸ் மரத்தில் முகப்பும் மேப்பிள் மரத்தில் முதுகும் கொண்ட அதன் இணைப்புகளை, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசையால்தான் மரபாக ஒட்டுகின்றனர். இதைவிட வலிமையான பசைகள் இன்று எத்தனையோ இருக்க, ஏன் இன்னும் இது?

காரணம் அதன் அளவான வலிமை. கோடையில் மரம் சுருங்கும்போது எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை அளவான வலிமையோடு இருந்தால் இணைப்பு மட்டும் பிரியும்; பலகை தப்பும். பசை மரத்தைவிட வலிமையாக இருந்தால் பலகையே பிளந்துவிடும். பிரிந்த இணைப்பை மீண்டும் ஒட்டுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. பிளந்த பலகையைச் சேர்ப்பதோ மாதக்கணக்கான வேலை. மேலும், வெந்நீரும் சூடும் பட்டால் இப்பசை இளகும். நாளை வேறொருவர் அதைத் திறந்து உள்ளே பார்க்க முடியும்.

நம் தச்சர்கள் வச்சிரம் என்றும், கீர்த்தி நகர்க் கடைக்காரர்கள் சரேஸ் என்றும் அழைப்பது இதே வகைப் பசையைத்தான். ஊறவைத்து, நேரடி நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி அளவில் இளக்கிப் பூசினோம். மிதிவண்டிச் சக்கரத்தின் உள்குழாயை நாடாவாக வெட்டி இணைப்பைச் சுற்றி இறுகக் கட்டினோம். வளைந்த குடத்தை நசுக்காமல் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்த அதனினும் எளிய கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. காற்றில் ஈரம் மிகாமலும் குறையாமலும் இருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் வரும்வரை காத்திருந்தே இதைச் செய்தோம்.

‘அடுத்து வருபவர் பிரித்துப் பார்க்க முடியாத எதையும் செய்யாதே’ என்பதே இவ்வேலையில் நாங்கள் கைக்கொண்ட முதன்மை விதி. கணக்கேட்டில் அழித்து எழுதுவதை எந்த வங்கியும் ஏற்பதில்லை. பழைய பதிவு தெரியும்படி விட்டு, திருத்தத்தை அதன் அருகே எழுதுகிறோம். பின்னால் வரும் தணிக்கையாளருக்கு அது எவ்வளவு தேவையோ, பின்னால் வரும் கைவினைஞருக்கு இந்த ஒட்டு அவ்வளவு தேவை.

மெழுகும் தில்லி வெயிலும்

வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தண்டியின் இரு ஓரங்களிலும் கறுத்த மெழுகால் இரு வரம்புகள் எழுப்பி, அவற்றின்மேல் வெண்கல மெட்டுகளைப் பதிக்கின்றனர். ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு தாயிகளுக்கு 24 மெட்டுகள் என்னும் இவ்வமைப்பைத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தோடும் அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடும் இணைத்துப் பேசுவது மரபு.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கருமை தரும் பொடியும் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி வெப்பத்தில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடும் தில்லியில், மேல்மாடி அறையின் கூரையருகே கிடக்கும் வீணையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரிக் குளிரில் அதே மெழுகு இறுகி வெடிக்கிறது. காவிரிக்கரைக்காகக் காய்ச்சிய மெழுகு யமுனைக்கரையில் படும் பாடு இது.

மேளம் கட்டுதல் எனப்படும் இவ்வேலையை நாங்கள் செய்ய முற்படவில்லை. ஒவ்வொரு மெட்டையும் சூடாக்கிய இரும்பால் மெழுகில் இருத்தி, தந்தியை மீட்டி, செவியால் சுருதி பார்த்து மயிரிழை அளவு நகர்த்தும் கலை அது. பொழுதுபோக்காகச் செய்பவர் தம் எல்லையை அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை தில்லி வந்து வீணைகளைச் சரிசெய்து தரும் தஞ்சைக் கைவினைஞர் ஒருவர் கார்த்திகை மாதத்தில் இரண்டு நாட்கள் எங்களோடு இருந்தார். பழைய மெழுகை முற்றிலும் நீக்கிப் புதிதாகக் காய்ச்சும்போது, “மெழுகை ஊருக்குத் தகுந்த மாதிரிதான் காய்ச்சணுங்க ஐயா. இங்கே குங்கிலியம் ஒரு பிடி கூடப் போடணும்” என்றார். அந்த ஒரு பிடி எவ்வளவு என்பதை அவர் கைதான் அறியும்.

இரண்டாம் நாள் மாலை ஏழு தந்திகளும் ஏறின. வாசிப்புத் தந்திகள் நான்கும் தாளத் தந்திகள் மூன்றும் சுருதி சேர்ந்தபின், எங்கள் குழுவிலிருந்த அம்மையார் அரைமணி நேரம் வாசித்தார். விரல்கள் பழக்கம் விட்டுப்போயிருந்தன. வீணையின் ஒலியும் முதலில் அடைபட்டே இருந்தது. அடுத்த சில வாரங்களில் இரண்டும் சேர்ந்து தெளிந்தன. இப்போது நம் பகுதிச் சிறுமியர் இருவர் அதிலேயே சரளி வரிசை பயில்கின்றனர்.

அருங்காட்சியகமும் இல்லமும்

தில்லியில் சங்கீத நாடக அகாதமியின் இசைக்கருவிக் காட்சிக்கூடம் உள்ளது. 1964இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் திறந்துவைத்த அக்கூடத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த கருவிகள் காக்கப்படுகின்றன. அருங்காட்சியகம் கருவியின் உருவத்தைக் காக்கிறது. அதற்கு அதுவே கடமை. வாசிக்கத் தக்க வீணையை வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கோ அத்தகைய காரணம் ஏதுமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்ற கணக்கு ஆகிவிடும் என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவர். பணம் எங்கும் போய்விடவில்லை. உரியவர் வந்து அடையாளச் சான்றுகளைப் புதுப்பித்தால் கணக்கு உயிர்பெறும். வீணைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாசிக்கப்படாத வீணையை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்காததால் சிறு பிரிவு பெரும்பிளவாகிறது. மெழுகு உதிர்கிறது, மெட்டுகள் தொலைகின்றன. வாசிப்பவர் ஒருவர் இருந்தால் முதல் பழுதை முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்.

கைவினைஞர் இன்றேல் கருவி இல்லை

எங்கள் செலவுக் கணக்கில் பசை, மெருகு, தந்தி, புதிய சுரைக்குடுக்கை ஆகியவை சிறு தொகையே. பெரும்பகுதி மேளம் கட்டியவரின் கூலிக்கும் பயணத்துக்கும் சென்றது. அதுவே முறை. மரத்தை யாரும் வாங்கலாம். அந்தச் செவியையும் கையையும் உருவாக்க ஒரு வாழ்நாள் வேண்டும். வேலை தொடர்ந்து கிடைத்தால்தான் தம் மகனையோ மகளையோ இத்தொழிலில் அமர்த்த அவர் துணிவார்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம், 18 வகை மரபுத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும், பிணையில்லாமல் இரு தவணைகளில் மொத்தம் 3 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் கடனும் வழங்குகிறது. தச்சர், படகு செய்வோர், பொம்மை செய்வோர், மாலை கட்டுவோர் முதலியோர் அப்பட்டியலில் உள்ளனர். இசைக்கருவி செய்வோர் தனித் தொழிலாக இடம்பெறவில்லை. வீணையின் குடத்தைக் குடைபவர் தச்சர் என்ற பெயரில் அணுக முயலலாம். மெழுகும் மெட்டுமே தொழிலாகக் கொண்டவர் எப்பெயரில் வருவார்? பத்தொன்பதாவது தொழிலாக அவர்களையும் சேர்ப்பது நன்று என்பது நமது கருத்து. அதுவரை, இத்தகையோரை அறிந்த வாசகர்கள் அவர்களை அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு அழைத்து வந்து, முத்ரா முதலிய பிற கடன் திட்டங்களைப் பற்றிக் கேட்டறியச் செய்யலாம்.

நம் பகுதிக்கு அருகிலேயே மற்றொரு வாய்ப்பும் உண்டு. 2014இல் திறக்கப்பட்ட ஜனக்புரி தில்லி ஹாட், இசையையே கருப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அங்கே ஆண்டுக்கு ஒரு வாரம், வெயில் தணிந்த நவம்பரில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து கருவி பழுதுபார்ப்போரை வரவழைத்து ஒரு முகாம் நடத்தினால் என்ன? வீணை, சிதார், தபலா, ஆர்மோனியம் என்று வீடுகளில் கிடக்கும் கருவிகள் வெளியே வரும். தஞ்சைக் கைவினைஞர் ஒரு வீணைக்காகப் பயணம் செய்யாமல் இருபது வீணைகளுக்காக வருவார், செலவும் பகிர்ந்துபோகும்.

வாசகர்களுக்குச் சில சொற்கள்

வீட்டில் பழைய வீணை இருந்தால் முதலில் அதைக் கூரையருகிலிருந்தும் குளிர்கால ஹீட்டரின் பக்கத்திலிருந்தும் ஏர்கூலரின் எதிரிலிருந்தும் அகற்றி, உட்சுவர் ஓரமாக வையுங்கள். நெடுநாள் வாசிக்கப் போவதில்லையெனில் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். உதிர்ந்த மெட்டு, ஒடிந்த சில்லு எதையும் எறியாமல் ஓர் உறையிலிட்டு வீணையோடு வைத்திருங்கள். ஆணி, இரும்புத் தகடு, உடனொட்டும் பசை ஆகியவற்றை அண்டவிடாதீர்கள்.

மிகப் பழைய வீணைகளில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடைசெய்துள்ளன. அத்தகைய கருவியை விற்கவோ கைமாற்றவோ எண்ணுமுன் வனத்துறையின் அறிவுரையைப் பெறுவது இன்றியமையாதது. உடைந்த தந்தப் பகுதிக்கு மாற்றாகப் புதுத் தந்தம் தேடுவது சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது.

இறுதியாக ஒன்று. வைப்புத்தொகைக்கு நியமனதாரரின் பெயரைக் குறிப்பிட வற்புறுத்தும் நாம், வீணைக்கும் அதைப் பரிந்துரைக்கிறோம். யார் வாங்கியது, எங்கே, எந்த ஆண்டில், யார் வாசித்தார், எப்போது எந்தப் பழுது எப்படிச் சரிசெய்யப்பட்டது, அடுத்து யாரிடம் சேர வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீணைப் பெட்டிக்குள் வையுங்கள். பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லையெனில், வாசிக்க விரும்பியும் வாங்க இயலாத ஒரு மாணவரின் பெயரை அதில் எழுதுவதில் தயக்கம் வேண்டா. கருவி எந்த வீட்டில் இருக்கிறது என்பதைவிட, யாருடைய மடியில் இருக்கிறது என்பதே முக்கியம்.